கட்டணப் பலகையும் ஒரு வேட்புமனுவும்

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மூன்று மணி. காலை பத்தேகாலுக்கு மும்பை மாட்டுங்காவில் தேர்தல் அதிகாரியின் ஆபீஸில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். பூமாரி சித்தி வேட்பாளர். சாயிமாக்கா முன்மொழிபவர். நான் காகிதங்களைத் தூக்கி வந்தவள்.

எங்கள் வார்டின் கவுன்சிலர்தான் மேயராகவும் இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் அவர் கட்சி மாறினார். மேயர் பதவி, வார்டு சீட்டு இரண்டையும் ஒரே நாளில் ராஜினாமா செய்தார். மேயர் நாற்காலியில் வேறொருவரைக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் பேசி உட்கார வைத்துவிட்டார்கள். வார்டு சீட்டு மட்டும் எங்கள் கைக்கு வந்தது, இடைத்தேர்தலாக. அந்த முன்னாள் மேயரம்மாவின் நாத்தனார் நிற்கப்போகிறார் என்று மறுநாளே தாராவி முழுக்க பேனர் கட்டிவிட்டார்கள்.

பூமாரி சித்தி சுயேச்சை. அவர் நிற்பதற்குக் காரணம் ஒரு கழிப்பறை.

எங்கள் சந்தில் எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. முகைதீன் பாயின் பை ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே இருக்கும் பொதுக் கழிப்பறைதான் எல்லோருக்கும். மேயரம்மா திறந்து வைத்தது. பெயர் சலவைக்கல்லில் இருக்கிறது. பெண்கள் பக்கம் எட்டு அறை. இரண்டு வருடமாக அதில் ஐந்து அறை அடைத்துக்கொண்டு, பூட்டிக் கிடக்கிறது. மீதி மூன்று அறை, இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். ஒரு வாரம் காலையில் வரிசையில் நின்றபடியே போனில் நேரம் குறித்துப் பார்த்தேன். சராசரி முப்பத்தெட்டு நிமிடம். பள்ளிக்கூடம் போகும் பெண்கள் எழுந்ததும் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நானும்தான்.

அதை நடத்துவது எங்கள் சந்து மண்டல், அதாவது குடியிருப்போர் சங்கம். பூமாரி சித்தி அதன் சார்பில் வாசல் கூண்டில் உட்கார்ந்திருப்பவர். குடும்பங்களுக்கு மாதப் பாஸ் எழுதிக் கொடுப்பார், அறைகளைக் கழுவ ஆள் விடுவார், சண்டையைத் தீர்த்து வைப்பார். எனக்கு உறவில்லை. அம்மாவோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துப் பழகியதில் சித்தி ஆனவர். அந்த ஐந்து அறைக்காகவும் எரியாத லைட்டுக்காகவும் அவர் வார்டு ஆபீஸுக்கு முப்பத்தோரு மனு கொடுத்திருக்கிறார். மராத்தியில் எழுதியது நான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு செம்பூரில் ஒரு லேபில் தண்ணீர் சோதிக்கிற வேலை பார்க்கிறேன். எழுதச் சொன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். பேசச் சொன்னால்தான் கஷ்டம். காலேஜ் வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்று மதிப்பெண் இழந்தவள்.

தேர்தல் ஆபீஸ் கிளார்க் எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஜாதகம் பார்ப்பது மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"வீட்டில் கழிப்பறை உண்டா என்கிற இடத்தில் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள்" என்றார் ஹிந்தியில்.

நான் தலையாட்டினேன். உண்மையைத்தான் எழுதியிருந்தேன். உண்மை எழுதினால் போதும் என்று நினைத்தது என் தவறு.

"இல்லை என்றால், பொதுக் கழிப்பறையை உபயோகிக்கிறார் என்று வார்டு ஆபீஸ் சான்றிதழ் வேண்டும். திறந்த வெளியில் போகிறவர் தேர்தலில் நிற்க முடியாது."

"என்னட்டி சொல்லுதான்?" என்றார் சித்தி.

சொன்னேன்.

"நானா? வெளியிலயா? ஏட்டி, காலைல அஞ்சு மணிக்குக் கக்கூஸ் வாசல்ல உக்காந்தா ராத்திரிதான் எந்திக்கேன். அதுலயே குடியிருக்கவகிட்ட வந்து சர்ட்டிபிகேட் கேக்கானே! இவன் வீட்டுக் கக்கூஸ்ல இவன் இருந்த நேரத்தவிட நான் இருந்த நேரம் ஜாஸ்தி, சொல்லு அவன்கிட்ட."

"மேடம் என்ன சொல்கிறார்?" என்றார் கிளார்க்.

"வாங்கி வருகிறோம் என்கிறார்" என்றேன்.

சாயிமாக்கா சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டார். அவர் முகைதீன் பாயின் தங்கை. ஒர்க்‌ஷாப்பில் பைகளுக்கு ஜிப் தைக்கிறவர். அன்று அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

வார்டு ஆபீஸில் அந்தச் சான்றிதழ் தரவேண்டியவர் ஜூனியர் ஓவர்சியர் கேஷவ். பதினொன்றரை மணிக்கு அவர் மேஜை முன்னால் நின்றோம். அவர் சித்தியைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்தார். முப்பத்தோரு மனுவையும் வாங்கி முத்திரை குத்தியவர் அவர்தான்.

"பூமாரிபாய். முப்பத்திரண்டாவதா?"

"இது மனு இல்லை சாப். சான்றிதழ்" என்றார் சித்தி, தன் ஹிந்தியில்.

கேஷவ் விஷயத்தைக் கேட்டார். மாதப் பாஸ் எங்கே என்றார். சித்தி விழித்தார். பாஸ் பதிவேட்டில் உங்கள் பெயர் எத்தனையாம் எண் என்றார். சித்தி என்னைப் பார்த்தார்.

பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர் இருந்தது. அத்தனையும் சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதியவை. அதில் பூமாரி என்கிற பெயர் இல்லை. வாசலில் உட்கார்ந்து எல்லோருக்கும் பாஸ் கொடுத்தவர் தனக்கொன்று எழுதிக்கொள்ள நினைக்கவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

"பாஸ் இல்லை, பதிவேட்டில் பெயர் இல்லை" என்றார் கேஷவ். "நீங்கள் அங்கே ஊழியர். ஊழியர் வேறு, உபயோகிப்பவர் வேறு. நான் நேரில் வந்து விசாரித்துத்தான் தர முடியும். திங்கட்கிழமை பார்க்கலாம்."

"இன்னிக்கி மூணு மணிக்கு முடியுதுய்யா!"

"அது என் கையில் இல்லையே."

சித்தி ஆபீஸ் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் எந்திக்க மாட்டேன். எழுதிக் குடுத்தாத்தான் எந்திப்பேன். ஒருத்தி கக்கூஸுக்குப் போறாளா இல்லையான்னு விசாரிக்கணுமாம்ல! விசாரி. இங்கனயே இருக்கேன், எப்படியும் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரும்!"

தமிழ் தெரியாத பியூன்கூடச் சிரித்தார். கேஷவ் சிரிக்கவில்லை. ஒரு கோப்பை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார்.

"பூமாரிக்கா, எந்திங்க" என்று சாயிமாக்கா கையைப் பிடித்து இழுத்தார். "நீங்க இங்க உக்காந்தா அவங்களுக்குச் சந்தோஷம்தான். மூணு மணி தன்னால ஆயிரும்."

சித்தி எழவில்லை. நான் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டேன். கேஷவின் மேஜையில் பச்சை மை பேனா இருந்தது. அந்தப் பச்சைக் கையெழுத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். முப்பத்தோரு மனுவுக்கும் முத்திரைதான் கிடைத்தது. பதில் ஒரே ஒரு தடவைதான் வந்தது.

"சித்தி, போன வருஷம் பதில் லெட்டர் ஒண்ணு வந்துச்சே. லைட்டு பத்தி."

"அந்தக் கருமமா? அத ஏன் இப்ப?"

"அதுல என்ன இருந்துச்சுன்னு நெனப்பிருக்கா?"

"இல்லாம? நீங்க தினம் உபயோகிக்கியோ, அதனால சுத்தத்துக்கும் லைட்டுக்கும் நீங்கதான் பொறுப்புன்னு எழுதியிருந்தான். எரிச்சல்ல..."

சித்தி பேச்சை நிறுத்தினார். சாயிமாக்கா என்னைப் பார்த்தார். கேஷவுக்குத் தமிழ் புரியாது. இருந்தாலும் நாங்கள் மூவரும் குரலைத் தாழ்த்தினோம்.

"அது எங்க சித்தி இருக்கு?"

"கூண்டுலதான். பலகையில ஒட்டி வச்சிருக்கேன்ல. எல்லாப் பொம்பளையும் பாக்கட்டும்னு."

"நான் போய் எடுத்துட்டு வாரேன். நீங்க ரெண்டு பேரும் மாட்டுங்காவுக்குப் போயிருங்க. மூணு மணிக்குள்ள கேட்டுக்குள்ள இருந்தா டோக்கன் குடுப்பாங்க."

"நீ தனியாவா? பேச வேண்டி வருமேட்டி."

"பேசுதேன்" என்றேன்.

ஆபீஸ் வாசலில் டாக்ஸி கிடைக்கவில்லை. இரண்டு பஸ் மாறிச் சந்துக்குள் நுழையும்போது ஒன்றேமுக்கால் ஆகியிருந்தது.

கூண்டின் சுவரில் கட்டணப் பலகை இருந்தது. பிளைவுட், மூன்றடிக்கு இரண்டடி. மேல் பாதியில் கட்டண விவரம் மராத்தியிலும் ஹிந்தியிலும் தமிழிலும் எழுதியிருந்தது. கடைசி வரி, சிறுவர்களுக்கு இலவசம். கீழ்ப் பாதியில் அந்தக் கடிதம். நான்கு மூலையும் நடுவும் அப்படியே பலகையோடு ஒன்றிப்போயிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். காகிதம் கிழிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து முகைதீன் பாய் எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, அங்க போகலியா?"

"இத எதை வெச்சு ஒட்டுனாங்க பாய்?"

"மைதாப் பசை. மேயரம்மா போஸ்டர் ஒட்ட வந்தவன் வாளில மிச்சம் வச்சிருந்தான். உங்க சித்தி அள்ளிப் பூசிட்டாங்க."

மைதா என்றால் மாவுச்சத்து. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் இளகும். ஆனால் பச்சை மையும் ஊதா முத்திரையும் அதற்கு முன்னால் கரைந்துவிடும். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத கடிதத்துக்கு என்ன மதிப்பு? மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

"ஸ்க்ரூ டிரைவர் குடுங்க பாய்."

"எதுக்கு?"

"பலகையோட கொண்டு போறேன்."

அவர் உள்ளே போய் இரண்டு அளவில் எடுத்து வந்து கொடுத்தார். மூன்று ஸ்க்ரூ கழன்றது. நாலாவது துருப்பிடித்திருந்தது. தலை தேய்ந்து வழுக்கியது. அதற்குள் வரிசையில் நின்ற பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"ஏன் பலகையக் கழட்டுதா? ரேட்டக் கூட்டப் போறாவளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எலெக்‌ஷனுக்கு" என்றேன். அதற்கு மேல் சொல்ல நேரமில்லை.

"கக்கூஸ் பலகையா எலெக்‌ஷனுக்கு?"

பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். மூலை பிய்ந்து, பலகை கையோடு வந்தது. கடிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முகைதீன் பாய் அதன் மேல் ஒரு பாலிதீன் உறையைச் சுற்றப் பார்த்தார். வேண்டாம் என்று ஓடினேன்.

மெயின் ரோட்டில் டாக்ஸி கிடைத்தது. ஐந்து நிமிடம் போனது. அப்புறம் நின்றது. முன்னால் மேளச் சத்தம், பட்டாசு. மேயரம்மாவின் நாத்தனார் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார். திறந்த ஜீப்பில் மாலையோடு நின்று கும்பிட்டார். பக்கத்தில் மேயரம்மா. ரோடு முழுவதும் கொடி.

"இது நகராது" என்றார் டிரைவர். "மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் உள்ளே போவார்கள். நல்ல நேரமாம்."

மணி இரண்டு பதினேழு. இறங்கினேன். பலகையைப் பக்கவாட்டில் இடுக்கினால் யார் மேலாவது இடித்தது. வேறு வழியில்லாமல் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். கூட்டத்தில் யாரும் என்னை நிறுத்தவில்லை. தங்கள் பதாகையில் ஒன்று என்று நினைத்திருக்க வேண்டும். "ஹட், ஹட், லேடீஸ்!" என்று கொடி பிடித்த ஒருவர் வழிகூட ஏற்படுத்திக் கொடுத்தார். என் வாழ்க்கையில் இத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை. காது சுட்டது. கழுத்து வரை வேர்த்தது. பலகையை இறக்கவில்லை. ஜீப்பைத் தாண்டும்போது மேயரம்மா குனிந்து வாசித்தது தெரிந்தது. தன் கழிப்பறையின் கட்டண விவரம் என்று அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

மாட்டுங்கா கேட்டில் இரண்டு நாற்பத்தெட்டு. போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே வைத்தார்.

"நூறு மீட்டருக்குள் பதாகை கூடாது."

தரையைப் பார்த்தேன். அவருடைய பூட்ஸ் தெரிந்தது. நிமிர்ந்தேன்.

"இது பதாகை இல்லை. ஆவணம்" என்றேன் மராத்தியில்.

"பலகையா?"

"ஆவணம் பலகையில் ஒட்டியிருக்கிறது. வாசியுங்கள்."

அவர் வாசித்தார். நிதானமாக, விரல் வைத்து, மேலிருந்து கடைசி வரி வரைக்கும். சிறுவர்களுக்கு இலவசம் என்பதையும் விடவில்லை. பிறகு கடிதத்துக்கு வந்தார். அவர் மீசை அசைந்தது.

"எங்கள் குவார்ட்டர்ஸ் லைட்டுக்கும் இப்படித்தான் எழுதினார்கள்" என்று லத்தியை எடுத்தார்.

உள்ளே சித்தியும் சாயிமாக்காவும் பெஞ்சில் இருந்தார்கள். சித்தியின் கையில் டோக்கன் பதினாறு. என்னையும் பலகையையும் பார்த்து எழுந்தார்.

"லெட்டர எடுத்துட்டு வான்னா செவுத்தையே பேத்துட்டு வந்துட்டியேட்டி!"

"கிழிஞ்சிரும் சித்தி."

"அல்லாவே" என்றார் சாயிமாக்கா. "நல்லவேளை, பக்கெட்ல ஒட்டாமப் போனீங்க பூமாரிக்கா."

மூன்று மணிக்குச் சற்று முன்னால் கொடிகளை வெளியே விட்டுவிட்டு நாத்தனார் கட்சியார் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். பதினேழாவது டோக்கன். மூன்றுக்குக் கேட்டை மூடினார்கள். மூன்றே இருபதுக்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

தேர்தல் அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். கிளார்க் எங்கள் கோப்பை நீட்டி, "சான்றிதழ் இல்லை" என்றார்.

நான் பலகையை மேஜை மேல் வைத்தேன். காகிதங்கள் நகர்ந்தன.

"இது என்ன?"

சித்தி என் முதுகில் ஒரு விரலால் குத்தினார்.

"வார்டு ஆபீஸ் கடிதம் மேடம்" என்றேன். குரல் வெளியே வரவில்லை. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். மறுபடி சொன்னேன், சத்தமாக. கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தேன். அனுப்புகை எண். தேதி. பெறுநர், பூமாரி, இன்ன சந்து, தாராவி. "மேற்படி பொதுக் கழிப்பறையைத் தாங்கள் அன்றாடம் உபயோகித்து வருவது இவ்வலுவலகத்துக்குத் தெரியும். எனவே அதன் சுத்தத்துக்கும் விளக்குக்கும் உபயோகிப்பவர் என்ற முறையில் தாங்களே பொறுப்பு. தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது." கீழே பச்சை மையில் கையெழுத்து. முத்திரை.

"இது சான்றிதழ் இல்லை. மனுவுக்குப் பதில்" என்றார் கிளார்க்.

"பொதுக் கழிப்பறையை உபயோகிக்கிறார் என்று வார்டு ஆபீஸ் எழுத்தில் தரவேண்டும். காலையில் நீங்கள் சொன்னது அதுதான்" என்றேன். "எழுத்தில் தந்திருக்கிறார்கள். தேதி போட்டு, எண் போட்டு. காலையில் அதே அதிகாரி, இவர் உபயோகிப்பவர் இல்லை, ஊழியர் என்றார். லைட் போடச் சொல்லும்போது உபயோகிப்பவர். தேர்தலில் நிற்கும்போது இல்லையா?"

இவ்வளவையும் நான்தான் சொன்னேன்.

பதினேழாவது டோக்கனோடு வந்த வக்கீல் எழுந்தார். "ஆட்சேபம். ஒரு பலகையை ஆவணமாக..."

"உங்கள் முறை வரவில்லை. உட்காருங்கள்" என்றார் அதிகாரி.

அவர் கண்ணாடியை மாட்டிக் கடிதத்தை வாசித்தார். மேஜை போனை எடுத்தார். வார்டு ஆபீஸ், கேஷவ் என்றார். அனுப்புகை எண்ணைச் சொன்னார். "இந்தக் கையெழுத்து உங்களுடையதா?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் கேட்டது அது இல்லை. உங்களுடையதா, இல்லையா?" பிறகு, "சரி" என்று வைத்துவிட்டார்.

"அசல் என்னிடம் இருக்க வேண்டும்" என்றார்.

"பிரிக்க முடியாது மேடம். பிரித்தால் மை போய்விடும்."

"பலகையோடு இருக்கட்டும்." கிளார்க்கிடம் திரும்பினார். "இணைப்பு பதினொன்று. பிளைவுட் பலகை, ஒன்று. எழுதிக்கொள்."

கிளார்க் எழுதினார். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சித்தி உறுதிமொழி வாசித்தார். நான் மராத்தியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினார். மூன்றாவது வரியிலிருந்து குரல் கூண்டில் உட்கார்ந்து கூப்பிடுகிற குரலாக மாறியது. மூன்று நாற்பதுக்கு ரசீது கைக்கு வந்தது.

"நாளை பரிசீலனை" என்றார் அதிகாரி. "அந்த வக்கீல் விடமாட்டார். நீங்கள் வரவேண்டும்."

"வருவோம்னு சொல்லுட்டி" என்றார் சித்தி. "அப்புறம், பலகைக்கும் ஒரு ரசீது குடுக்கச் சொல்லு. அது மண்டல் சாமான்."

கொடுத்தார்கள்.

ஐந்து மணிக்குச் சந்துக்குத் திரும்பினோம். கூண்டின் சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது. பெண்கள் வரிசை படிக்கட்டு வரை நின்றது. "என்ன ஆச்சு?" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சாயிமாக்கா ரசீதைத் தூக்கிக் காட்டினார். விசில் சத்தம் ஒர்க்‌ஷாப் பக்கமிருந்து வந்தது. முகைதீன் பாய்தான் அடித்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

சித்தி கூண்டில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல இதுல என் பேர எழுது."

இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு எழுதினேன்.

"இப்ப ஒரு வெள்ளத்தாள் எடு. முப்பத்திரண்டாவது."

"இப்பவா சித்தி? நாளைக்குப் பரிசீலனை இருக்கு. பிரசாரம் இருக்கு."

"அந்த அஞ்சு ரூமும் எலெக்‌ஷனுக்காகக் காத்துக்கிட்டா இருக்கு? எழுது. திங்கட்கெழம காலைல பத்து மணிக்கு அவன் மேசையில இருக்கணும். நேர்ல வந்து விசாரிக்கேன்னு சொன்னாம்லா, வரட்டும்."

எழுதினேன். அடைத்த அறைகளின் எண், அடைத்த தேதி, காலை வரிசையின் நிமிடம். ஒரு பக்கம் ஆனது. கடைசியில் பேனாவை நிறுத்தினேன்.

"கையெழுத்துக்குக் கீழ என்ன போடட்டும்? வேட்பாளர்னா?"

வரிசையில் முன்னால் நின்ற பெண் நகர்ந்தாள். சித்தி அவளை உள்ளே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்பவும் போடுததப் போடு."

இந்தக் கழிப்பறையை அன்றாடம் உபயோகிப்பவர் என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு மனுவிலும் போடாத என் பெயரை, இந்தத் தடவை அவர் கேட்காமலே, அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.